பணியில் இருக்கும்போது

மேல் பொத்தானைப் போட்ட பிறகும் பெஞ்சமினின் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே ஜாக்குலினின் கை முழுதாக நுழைந்தது. கம்பெனி கொடுத்த நீலச் சட்டை. ஒரு காலத்தில் வயிற்றைப் பிடிக்கிறது என்று அவரே பொத்தானைத் தள்ளித் தைக்கச் சொன்னது. இப்போது மேலுடம்பு வற்றிப்போய், கால்கள் மட்டும் நீர் கோத்து உருண்டிருந்தன. சேஃப்டி ஷூ நுழையவில்லை.

"செருப்பே போட்டுகினு போங்களேன்."

"செருப்போட கம்பெனிக்குள்ள உட மாட்டான்." இரண்டு மூச்சுக்கு நடுவே சொன்னார். "லேச அவுத்துட்டு மாட்டு."

கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து லேஸ் முழுவதையும் உருவிவிட்டு, பாதத்தைப் பிடித்து உள்ளே அழுத்தினாள். அவள் விரல் பட்ட இடங்களில் குழி விழுந்து அப்படியே நின்றது. அதைப் பார்க்காமல் அடுத்த காலை எடுத்தாள்.

வாசலில் கலைவாணன் ஆட்டோவை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தான். பெஞ்சமினின் தம்பி. மூன்று மாதமாக இந்த வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டிருந்தவன். அண்ணன் வாங்கிய ஃபைனான்ஸ் கடனுக்கு அவன் ஜாமீன் போட்டிருந்தான். தவணை நின்றதும் ஃபைனான்ஸ்காரர்கள் அவனுடைய ஆட்டோ ஸ்டாண்டுக்கே போய் நின்றிருந்தார்கள். ஆனாலும் நேற்று ஜாக்குலின் போனில் கூப்பிட்டதும், "சரி அண்ணி, காலைல வரேன்" என்று மட்டும் சொன்னான்.

மகள் ஜெனிட்டா தண்ணீர் பாட்டிலையும் மாத்திரைக் கவரையும் நீட்டினாள். செங்கல்பட்டில் நர்சிங் படித்தவள், ஃபீஸ் கட்ட முடியாமல் இரண்டாம் வருடத்தோடு வீட்டில் இருந்தாள்.

"அம்மா, பெரியாஸ்பத்திரில உடனே அட்மிட் ஆவச் சொன்னாங்க. இப்படியே ஆட்டோல இட்டுகினு போனா வழியிலயே..." நிறுத்திக்கொண்டாள்.

"நீ கதவ சாத்திக்கோ. யாரு வந்தாலும் தொறக்காத."

"அப்பா, நீயாவது சொல்லுப்பா."

பெஞ்சமின் மகளுடைய தலையில் கை வைத்தார். பேசுவதற்கான மூச்சை அவர் நடப்பதற்காகச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு இருதயம் வீங்கியிருந்தது. பம்பிங் கம்மி என்றார்கள். மறைமலை நகர்ப் பக்கம் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் அடிக்கும் கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டியவர், ஒரு நாள் மிஷினுக்குப் பக்கத்திலேயே சரிந்து விழுந்தார். அன்றைக்கு ஆரம்பித்த மருத்துவ விடுப்பு நீண்டுகொண்டே போயிற்று. கொஞ்ச நாள் அரைச் சம்பளம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. சம்பளம் உயர்ந்ததால் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து பெயர் ஏற்கெனவே போயிருந்தது. அந்த உயர்வுக்கு அன்று வீட்டில் பிரியாணி செய்தார்கள். கம்பெனி எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்பீடு தனியார் ஆஸ்பத்திரியில் ஒரே வாரத்தில் கரைந்தது. அதன்பிறகு நகை, மகளிர் குழு, ஃபைனான்ஸ், கடைசியில் போனிலேயே கடன் கொடுக்கும் ஆட்கள். ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கியதில், யாருக்கு எது என்பதே அவளுக்குக் குழம்பிவிட்டது. போன் அதிர்ந்தால் தலையணைக்கு அடியில் தள்ளுவாள். தெருவில் பைக் சத்தம் வேகம் குறைந்தால் அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நிற்பாள்.

செங்கல்பட்டு கோர்ட்டில் ஒரு வக்கீலைப் பார்த்தார்கள். "திவால்னு மஞ்சக் கடுதாசி குடுத்துடலாம். ஆனா வீட்டுப் பத்திரமும் அடமானத்துல இருக்குதே, வீடு நிக்காது" என்றார் அவர்.  வீட்டுக்கு வந்த பிறகுதான் பெஞ்சமின், "எம் பேரக் கோர்ட்டு செவுத்துல ஒட்டுவானுங்க இல்ல?" என்று கேட்டார்.

போன வாரம் கம்பெனியிலிருந்து தேஜஸ் என்ற பையன் பேசினான். ஹெச்.ஆர். ஆபீஸில் இருப்பவன். விடுப்புக்கு மேல் விடுப்பு இனிக் கிடையாது. இந்தத் தேதிக்குள் வந்து வேலையில் சேராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அந்தத் தேதி இன்றைக்கு.

அந்தப் போன் வந்த அன்று மத்தியானம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பெஞ்சமின் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "வேலைல இருக்கறப்ப போனா கம்பெனி இன்ஷூரன்ஸ் வரும் ஜாக்கு. ஜெனிட்டாவுக்கு வேலையும் கேக்கலாம். பேர எடுத்துட்டான்னா ஒண்ணும் கெடையாது."

 கீரைத் தண்டுகளைச் சேர்த்து முறத்தில் போட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவேயில்லை. சட்டையை மட்டும் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தாள்.

ஆட்டோ புதுப்பட்டினத்தைத் தாண்டி மேற்கே திரும்பியதும் கடற்காற்று நின்று வெக்கை ஏறியது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் கலைவாணன் வண்டியை நடைவேகத்துக்குக் குறைத்தான். ஜாக்குலின் புருஷனைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அவருடைய மூச்சு கொதிக்கும் குழம்பைப் போல உள்ளே குமிழியிட்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் பயமாக இருந்தது. அது நிற்கும் ஒவ்வொரு நொடியும் அதைவிடப் பயமாக இருந்தது.

திருக்கழுக்குன்றத்தில் ஏதோ விசேஷம். மலைக்குப் போகிறவர்கள் சாலையை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். பஸ் ஒன்று குறுக்கே நின்றுவிட, ஆட்டோ மாட்டிக்கொண்டது. கலைவாணன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். அப்போதுதான் பெஞ்சமினின் தலை அவள் தோளில் மொத்தமாகச் சாய்ந்தது.

குமிழிச் சத்தம் கேட்கவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும். முன்னால் ஒரு பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பூசணிக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஜாக்குலின் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இயேசுவே, இப்ப வேண்டாம் என்று மனசுக்குள் சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரம். கேட்டுக்குள்ள போய்ச் சேர்ற வரைக்கும். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. 

"அண்ணி, அண்ணன் தூங்குதா?" கலைவாணன் கண்ணாடியில் பார்த்தான். அவன் குரலிலும் அதே பயம் இருந்தது.

"ஓட்டு நீ."

தோளில் சூடாக ஒரு மூச்சு பட்டது. பிறகு இன்னொன்று.

"குன்றம் வந்துட்டமா?" என்றார் பெஞ்சமின்.

கம்பெனி கேட்டுக்குள் ஆட்டோ போகக்கூடாது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை செக்யூரிட்டி அறை வரைக்கும் கொண்டுவந்தார்கள். வயதான செக்யூரிட்டிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அடையாள அட்டையிலிருந்த போட்டோவைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். "அடப்பாவி பெஞ்சமினு" என்று சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மொதல்ல பஞ்ச் பண்ணிடறேன்" என்றார் பெஞ்சமின்.

சுவரில் இருந்த வருகைப்பதிவு மிஷினில் வலது கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்' என்றது ஒரு பெண் குரல். விரல் வீங்கி ரேகையெல்லாம் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். ப்ளீஸ் ட்ரை அகெய்ன். ஜாக்குலின் சேலைத் தலைப்பால் அழுந்தத் துடைத்துவிட்டாள். ஆள்காட்டி விரல். நடுவிரல். ப்ளீஸ் ட்ரை அகெய்ன். பின்னால் பைக்கில் வந்தவர்கள் வரிசை கட்டிவிட்டார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை, அது அவளுக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

"இடது கை வைப்பா" என்றார் செக்யூரிட்டி.

இடது கட்டைவிரலை ஜாக்குலினே பிடித்து வைத்தாள். தன் விரலால் மேலிருந்து அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. 'தேங்க் யூ.'

பெஞ்சமின் அவளைப் பார்த்தார். சிரிக்க முயன்றார் என்றுதான் நினைக்கிறாள்.

தேஜஸ் உள்ளேயிருந்து ஓடி வந்தான். கழுத்தில் அட்டை தொங்க, ஜெனிட்டாவைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். பெஞ்சமினைக் கண்டதும் அவன் நடை தடுமாறியது. போனில் பேசிய ஆள் இவர்தானா என்பதுபோலப் பார்த்தான்.

"சார், நீங்க... டாக்டர் ஃபிட்னு எழுதினாத்தான் டியூட்டில சேர்க்க முடியும். டாக்டர் மத்தியானம்தான் வருவாரு."

"வரட்டும். வெயிட் பண்றேன் சார். நான் நல்லாத்தான் கீறேன்."

சொல்லிவிட்டு நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழுந்து நின்றார். தாங்கப் போன ஜாக்குலினின் கையை விலக்கினார். லேஸ் இல்லாத ஷூவைத் தரையோடு தேய்த்து, ஒரு அடி, இன்னொரு அடி என்று கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். தேஜஸ் பக்கத்திலேயே, தொடாமல், குழந்தை நடப்பதைப் பார்ப்பவன்போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனான். வளைவில் திரும்பும் முன் பெஞ்சமின் நின்றார். திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தாள். மூச்சு வாங்குவதற்காகத்தான் நின்றிருக்கிறார். மறுபடி நடந்தார்.

எதிரே டீக்கடைப் பெஞ்சில் ஜாக்குலினும் கலைவாணனும் உட்கார்ந்தார்கள். அவன் வாங்கி வந்த டீ அவள் கையிலேயே ஆடை கட்டியது. லாரிகள் போகும்போதெல்லாம் கேட் மறைந்து மறைந்து தெரிந்தது. மறையும் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஜெனிட்டாவின் போன்.

"அம்மா, ஃபைனான்ஸ்காரங்க ரெண்டு பேரு வந்துருக்காங்க. கதவத் தட்டிகினே இருந்தாங்க. நான் தொறக்கல. இப்ப வாசல்லயே சேரப் போட்டு உக்காந்துட்டாங்க." குரலைத் தாழ்த்தி, அழாமல் பேசினாள். "அப்பா வர்ற வரைக்கும் போவ மாட்டோம்னு சொல்றாங்க. தெருவே பாக்குது."

"பின்கதவு வழியா பக்கத்து வூட்டு வேண்டா அக்காகிட்ட போயிடு."

"பின்னாடி வேற ஒருத்தன் நின்னுகினு கீறான்மா."

 மகள் அங்கே, புருஷன் இங்கே. நடுவில் ஒன்றரை மணி நேரச் சாலை. ஜாக்குலின் எழுந்தாள், உட்கார்ந்தாள்.

"நான் வேணா ஜெனிட்டாகிட்ட போவட்டா அண்ணி?" என்றான் கலைவாணன். கேட்டுவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். "என்னப் பாத்தா வண்டியப் புடுங்கிக்குவானுங்க."

"நீ இரு. உங்கண்ணன் வந்தா வண்டி வோணும்."

வேண்டாவுக்குப் போன் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, அதே மகளிர் குழுவில் இருப்பவள். ஜாக்குலின் கட்டாத தவணையையும் சேர்த்துக் கட்டியதிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது முழுதாகக் கேட்டுக்கொண்டு, "நான் அவ கூடப் போய் உக்காந்துக்கறேன். நீ பயப்படாத. ஒரு ஆள் வூட்டுக்குள்ள கால் வெக்கட்டும் பாக்கறேன்" என்றாள்.

ஷிப்ட் மாறுகிற சங்கு ஊதியது. கால் மணி நேரம் கழித்துக் கேட்டிலிருந்து நீலச் சட்டைகள் கும்பலாக வெளியே வந்தன. ஜாக்குலின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வந்தவர்களில் சிலர் நின்று உள்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் மறுபடி உள்ளே ஓடினான். ஆம்புலன்ஸ் ஒன்று உள்ளுக்குள்ளேயே கிளம்பும் சத்தம் கேட்டது.

வயதான செக்யூரிட்டி சாலையைக் கடந்து அவளை நோக்கி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

மெடிக்கல் ரூம் கட்டிலில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். ஷூ காலிலேயே இருந்தது. ஜாக்குலின் நெற்றியைத் தொட்டாள். வியர்வை இன்னும் காயவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை.  கலைவாணன் அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு கத்தினான்.

"சங்கு ஊதினதும் எந்திரிச்சுப் போயிட்டாரு மேடம்" என்றான் தேஜஸ். அவன் உதடுகள் வெளுத்திருந்தன. "நான் ஒரு கால் பேசிட்டு இருந்தேன். தேடிப் போனா, லைன்ல அவரோட பழைய மிஷின் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருந்தாரு. நல்லாத்தான் உக்காந்திருந்தாரு."

அப்போது காசிநாதன் என்ற மேனேஜர் வந்தார். வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லி, தன் கையாலேயே தண்ணீர் கொடுத்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. நல்ல உழைப்பாளி. அடக்கச் செலவுக்கு கம்பெனி உதவி பண்ணும். நம்ம ஆம்புலன்ஸ்லயே நேரா வீட்டுக்கு அனுப்பிடலாம்." ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். "அவர் இன்னிக்கு லீவு விஷயமா பேச விசிட்டரா வந்தாருன்னு ஒரு கையெழுத்து. டாக்டர் இன்னும் ஃபிட்னஸ் கொடுக்கலையே, அதனாலதான்."

ஜாக்குலின் தாளைப் பார்த்தாள். எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை.

"போடலைன்னா?"

"போலீஸுக்குச் சொல்லணும். செங்கல்பட்டு ஆஸ்பத்திரில போஸ்ட்மார்ட்டம். அறுப்பாங்கம்மா. நாளைக்குத்தான் பாடி கிடைக்கும். உங்களுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?"

"போட்டுடு அண்ணி" என்றான் கலைவாணன் அழுதுகொண்டே. "அண்ணன் உடம்ப அறுக்க வோணாம். வூட்டுக்கு இட்டுகினு போயிடலாம்."

பேனா அவள் கைக்கு வந்துவிட்டது. இரண்டு வருடமாக நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. போடவில்லை என்றால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. போட்டுவிட்டால் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியும். பேனா முனை பட்டுத் தாளில் ஒரு புள்ளி விழுந்தது. கட்டிலைப் பார்த்தாள். இடது கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்த மிஷினு தேங்க் யூ சொல்லிச்சு சார்" என்றாள்.

"என்னம்மா?"

"கேட்டாண்ட மிஷினு. அவரு வெரல வெச்சப்ப. நாந்தான் புடிச்சு வெச்சேன். தேங்க் யூன்னு சொல்லிச்சு." தேஜஸ் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீயே சொல்லு. சொல்லிச்சுன்னா வேலைக்கு வந்துட்டாருன்னுதான அர்த்தம்?"

தேஜஸ் தரையைப் பார்த்தான்.  கதவுக்கு வெளியே நீலச் சட்டைக்காரர்கள் ஐந்தாறு பேர் அசையாமல் நின்றார்கள்.

"சிஸ்டத்துல ஏறியிருக்கு சார்" என்றான் கடைசியில், யாரையும் பார்க்காமல். "காலையில அட்டெண்டென்ஸ் ஆயிருக்கு."

காசிநாதன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜாக்குலினிடம், அதே மெதுவான குரலில், "அறுப்பாங்கம்மா" என்றார்.

"அறுக்கட்டும் சார்."

பேனாவை மூடித் தாளின்மேல் வைத்தாள். அதன்பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்த ஷூக்களைக் கழற்றினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் மத்தியானம்தான் உடலைக் கொடுத்தார்கள். வெள்ளைத் துணியில் கழுத்துவரை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். சவக்கிடங்கு வாசலில் தேஜஸ் நின்றிருந்தான், கழுத்தில் கம்பெனி அட்டை இல்லாமல். இன்ஷூரன்ஸுக்கு எழுதிப் போட்டிருப்பதாகவும், கம்பெனி ஒத்துக்கொள்ளாமல் இழுக்கலாம் என்றும், நாளாகும் என்றும் சொன்னான். எத்தனை நாளாகும் என்று அவள் கேட்கவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்பியபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது. அதற்குக் கீழே, சொந்தக்காரர்களுக்கு நடுவில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஃபைனான்ஸ்காரர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கலைவாணன் அவர்களைப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸிலிருந்து இறங்கத் தயங்கினான்.

ஃப்ரீசர் பெட்டி கனம். தூக்க ஆள் பற்றவில்லை. "இன்னும் ஒரு ஆள் புடிங்கப்பா" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். இருவரில் இளையவன் எழுந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்தான். வாசற்படியில் இடித்துவிடாமல், "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, பெட்டியை இறக்கிவிட்டு, ஜாக்குலினின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான்.

ஃபாதர் வருவதற்கு நேரம் இருந்தது. வேண்டா டீ போட்டு எடுத்து வந்தாள். ஜெனிட்டா தட்டை வாங்கிக்கொண்டு அம்மாவிடம் குனிந்தாள்.

"அவங்களுக்கும் குடுக்கறதா?"

ஜாக்குலின் கண்ணாடிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினாள்.

ஜன்னல் வழியாக வாசல் தெரிந்தது. பெரியவன் வேண்டாம் என்று கையசைத்தான். இளையவன் வாங்கிக்கொண்டு, நின்றபடியே குடித்தான். குடித்து முடித்ததும் டம்ளரைக் குழாயடிக்கு எடுத்துப் போய்க் கழுவினான். மதில்மேல் கவிழ்த்து வைத்தான். ஈரக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, மறுபடி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.